கொக்கு அடித்த கோல் யாருடையது

1

இது ஒட்டுக்கேட்ட கதை. கண்ணாடிக்கடை ஒன்றில், புதுக் கண்ணாடிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழையதைக் கழற்றி வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கடையில் யார் முகமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. காது மட்டும்தான் வேலை செய்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் ஃபோனில் சொன்னது:

"அவன் அடிச்ச கோல் நமக்கு. அவன் முழுங்கின மாத்திரை மட்டும் அவனுக்கா? இது என்னடா நியாயம்?"

மறுமுனையில் ஓர் ஆண் கத்தினான். எனக்கே கேட்டது.

"கத்தாதே. கத்த எனக்கும் தெரியும். கடையில ஆள் இருக்காங்க."

அந்த ஆள் நான்தான்.

எனக்குக் கால்பந்து தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று பலர் விளக்கிவிட்டார்கள். நானும் ஒவ்வொரு முறையும் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் சட்டைப்பையில் விழுந்த கூழாங்கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. பிரேம் தளர்ந்துவிட்டது என்று சொல்லி மறுபடி போனேன். இன்னொரு முறையும் போனேன். மூன்றாவது தடவை அவள் கண்ணாடியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இது கெட்டியாத்தான் இருக்கு. உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டுவிட்டாள்.

சொன்னேன்.

"எழுதறதுன்னா எழுதிக்குங்க. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதிடாதீங்க."

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மாலை வெயில் மைதானத்துப் புல்லின் மேல் பொன்னாக உருகி ஓட—"

வேண்டாம். ஆட்டத்தன்று மூட்டமாக இருந்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள். தவிர, வெயிலை உருக்குகிற கதைகளை நானே முதல் பக்கத்தோடு மூடிவிடுவேன்.

அடுத்தது: "ஊக்கமருந்து என்னும் நச்சு இன்று விளையாட்டுலகை அரித்து—"

இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசு கிடைக்கலாம்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். அவளுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. கடை கீழே, வீடு மேலே. வீட்டில் அவளோடு தம்பியும் தம்பி பெண்டாட்டியும். அவளுடையது நாள் முழுக்கத் தணிந்த குரலில் பேச வேண்டிய தொழில். "இப்போ தெளிவா இருக்கா? இல்ல, முன்னாடி போட்டதே தேவலையா?" என்று ஒருவரிடமே பத்துத் தடவை கேட்க வேண்டும், பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே கேட்க வேண்டும். சிடுசிடுத்தால் பயந்துபோய்த் தெரியாததையும் தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், வாரம் முழுக்க அடக்கிவைத்த குரலைக் கேலரியில் இறக்கிவைத்துவிட்டு வருவாள். பக்கத்தில் தம்பி. அச்சுக்கடையில் பேனர் அடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழுத்தில் மேளம். அதனால் கேலரியில் அவனுக்குப் பெயரே மேளம்தான். இவள் வெறும் 'அக்கா'. தலை நரைத்தவர்களுக்கும் அக்கா. அவள் குரல் எழுப்ப, அவன் அடிக்க, அந்த மூலை மொத்தமும் எழுந்து நிற்கும். எதிரணிக் கோல்கீப்பர்கள் அந்தப் பக்கம் நிற்க நேர்ந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்களாம்.*

* இது தம்பி சொன்னது. தம்பி சொல்வதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இது அதில் எந்தப் பாதி என்று தெரியவில்லை.

3

நடந்தது சிக்கலில்லாதது. எனக்கே புரிந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ் லீக்கில் பருவத்தின் கடைசி ஆட்டம். பச்சைக்கும் நீலத்துக்கும். ஜெயிக்கிற அணி மேல் லீக்குக்குப் போகும். நீலம் புள்ளிகளில் ஒரு படி மேலே இருந்ததால் அவர்களுக்கு டிராவே போதும். பச்சைக்கு ஜெயித்தே ஆக வேண்டும். ஆட்டம் முடிகிற நேரம், ஸ்கோர் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அப்போது கார்னரிலிருந்து வந்த பந்தைக் கொக்கு எகிறி, தலையால் முட்டி, வலைக்குள் தள்ளினான்.

கொக்கு என்பது ஆட்டக்காரனின் பட்டப்பெயர். ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள். பந்து தன் பக்கம் வராத நேரத்தில் ஒற்றைக்காலில் நின்று மறுகாலை உதறிக்கொண்டிருப்பான். முழங்கால் பிரச்சினை. அதைத்தான் ஊரே ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த கோலுக்கு அவள் கத்திய கத்தலில் தொண்டை கட்டி, கடையில் கைஜாடையிலேயே வியாபாரம் நடந்தது. 'இப்போ தெளிவா?' என்பதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். வாடிக்கையாளர்களும் ஏனோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

பெரிய ஆட்டங்கள் முடிந்ததும் சில ஆட்டக்காரர்களின் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வந்தது. கொக்கின் உடம்பில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து இருந்தது. அவனுக்கு இரண்டு வருடத் தடை. ஆடக்கூடாது, அணியோடு பயிற்சிகூட எடுக்கக்கூடாது. சம்பளத்தைக் கிளப் நிறுத்திவிட்டது.

அணிக்கு? ஒன்றுமில்லை. அந்த லீக்கின் விதிப்படி ஓர் அணியில் மூன்று பேராவது மாட்டினால்தான் அணிக்குத் தண்டனை. ஒருவன் மாட்டினால் அது அவன் தலையெழுத்து. அதனால் கோல் நின்றது, வெற்றி நின்றது. பச்சை மேலே போனது, நீலம் கீழேயே கிடந்தது. கோல் அடித்தவன் மட்டும் வெளியே.

4

"தப்பிச்சோம்க்கா!" என்று தம்பி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு தப்பிச்சது?"

"நாமதான்! பாயின்ட்டைத் தொட மாட்டாங்களாம். மூணு பேர் இருந்தாத்தானாம்."

"கொக்கு?"

"அவன் கதை முடிஞ்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு எந்த முழங்காலை வெச்சுக்கிட்டு ஆடுவான்? அதை விடு."

"அதை எப்படி விடறது? ரெண்டு சீசன் முன்னாடி நீலத்துல ஒருத்தன் இதே மாதிரி மாட்டினானே, அப்போ நீயும் நானும் என்ன கத்தினோம்?"

தம்பி தண்ணீர் குடித்தான். தேவைக்கு மேல் குடித்தான்.

"சொல்லுடா."

"'ஆளை விடு, பாயின்ட்டை எடு'ன்னு."

"மேளம் அடிச்சது யாரு?"

"அது நீலம்க்கா."

"மருந்துக்குச் சட்டை கலர் தெரியுமா?"

"ரூல் இருக்கு. நாமளா எழுதினோம்? நமக்குச் சாதகமா ஒரே ஒரு ரூல் இருக்கு இந்த உலகத்துல, அதையும் நீ வேணாங்கற!"

தம்பி பெண்டாட்டிக்குக் கால்பந்து என்றாலே ஆகாது. கரண்டியோடு வந்து நடுவில் நின்றாள். "எனக்கு ஒரு விசில் வாங்கிக் குடுங்க. இந்த வீட்டுல சோறு போடறதுக்கு முன்னாடி ஊதணும், போட்டப்புறமும் ஊதணும்."

யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் நேரில் பேசுவதை நிறுத்திவிட்டு ஃபோனில் சண்டை போட்டார்கள். ஒரே வீடு, ஒரு மாடிதான் வித்தியாசம். அப்படி ஒரு ஃபோன் சண்டையின்போதுதான் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். தன் அணிக்கு வந்த வெற்றியைத் திருப்பிக் கொடு என்று சொல்லும் ரசிகை உலகத்தில் உண்டா? வாசகர் நம்புவாரா?

நம்பவைக்க ஒரு காரணத்தைத் தயாரித்தேன். பள்ளிக்கூட நாளில் அவள் ஓட்டப்பந்தய வீராங்கனை. மருந்து சாப்பிட்ட ஒருத்தியிடம் தோற்று, பதக்கத்தை இழந்து, அந்தக் காயம் இன்றுவரை— என்று ஒன்றரைப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது. கொண்டுபோய் அவளிடம் படித்துக் காட்டினேன்.

"நான் ஓடினதே இல்லையே சார். பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டேன். அடுத்தது வரும்."

"அப்புறம் ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

லென்ஸ் துடைக்கிற துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்த கோலுக்கு நான் கத்தினேன். அந்த மாதிரி என் ஆயுசுல கத்தினதில்ல. இப்போ அதை நெனச்சா, அதுல எவ்வளவு நெஜம், எவ்வளவு மருந்துன்னு தெரியல. மருந்து இல்லாம நாங்க ஜெயிச்சிருப்போமா, மாட்டோமா? அது எனக்குத் தெரியணும். யாரைக் கேட்டாலும் சொல்ல முடியாது. மறுபடி ஆடினாத்தான் தெரியும்."

ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

(இங்கே கட்டுரை எழுதுகிற என் கை நமநமக்கிறது, ஒரு பத்தி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். தடை என்பது ஏமாற்றியவனை வெளியே நிறுத்துகிறது, சரி. ஏமாற்று வேலையின் பலனை அது தொடுவதே இல்லை. பலன் கிளப்புக்கு, பயிற்சியாளருக்கு, விளம்பரக் கம்பெனிக்கு, கேலரியில் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு என்று பங்கு பிரிந்துவிடுகிறது. தண்டனை மட்டும் பங்கு பிரியாமல் முழுசாக ஒருவன் இலையில் விழுகிறது. அதே சமயம், ஒருவன் செய்ததற்கு இருபது பேர் வெற்றியைப் பறிப்பதும் நியாயமா என்றால், அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவளிடம் இருந்தது. பறிக்க வேண்டாம், ஆடிப் பார்க்கலாம் என்றாள். கட்டுரை முடிந்தது.)

6

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அவள் சொன்னதையும் கொக்கு சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு மத்தியானம் கொக்கு தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் வாசலிலேயே நின்றான், ஒற்றைக்காலில்.

"உள்ள வா. வெயில் உள்ள வருது, கதவைச் சாத்து," என்றாள் அவள்.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடியை மாட்டி, தணிந்த குரலில் கேட்க ஆரம்பித்தாள். அம்மா எழுத்துகளைப் படித்துக்கொண்டே, நடுவில் சொன்னாள்: "டிவில இவனைக் காட்டினாங்கம்மா. எனக்கு மசமசன்னுதான் தெரிஞ்சுது. யாரோ திருடனைப் பிடிச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அதான், கண்ணாடி போட்டுடலாம்னு."

கொக்கு சுவரில் மாட்டியிருந்த பிரேம்களை எண்ணுகிறவன் மாதிரி திரும்பி நின்றுகொண்டான்.

அம்மா பிரேம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கவுன்ட்டர் பக்கம் வந்தான். "அக்கா, என்னைத் திட்டிடுங்க. கேலரில எல்லாரையும் திட்டுவீங்க. என்னைத் திட்டாம இருக்கிறதுதான் பயமா இருக்கு."

"தெரிஞ்சு முழுங்கினியா?"

"முழங்கால் தாங்கல. டீம் பிசியோ குடுத்தாரு. என்ன மாத்திரைன்னு நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். "கேட்டா தெரிஞ்சுடுமேன்னுதான் கேக்கல."

"அப்போ உனக்குத் தெரியும்."

"பாதி தெரியும்."

"அந்த பிசியோ இப்போ எங்க?"

"மேல் லீக்ல," என்றான் கொக்கு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் உனக்குச் சரிதான். ஒரு நாள் குறைக்கச் சொல்லிக்கூட நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நானும் அப்பீல் பண்ணலக்கா."

"ஆனா நீ மட்டும் ஏன்? உன்னால ஜெயிச்சவங்க மறுபடி ஆடிக் காட்டட்டும். நீ இல்லாம. அதே நீலத்தோட."

"நான் இல்லேன்னா நம்மாளுங்க தோத்துடுவாங்க."

"தோத்தா, நாம தோத்தோம்னு தெரியும்."

முதல்முறையாக அவன் இரண்டு காலையும் ஊன்றி நின்றான் என்று எழுத ஆசைதான். ஆனால் அம்மா கறுப்பு பிரேமா, சிவப்பு பிரேமா என்று கூப்பிட்டாள், அவன் நொண்டிக்கொண்டே போனான். இருவரும் சொன்னது அவ்வளவுதான்.

7

ரசிகர் சங்கத்தின் தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கூட்டம் அவருடைய வகுப்பறையில்தான் நடக்கும். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். அக்கா எழுந்து தன் தீர்மானத்தைச் சொன்னாள்: சங்கத்தின் பெயரில் கிளப்பையும் லீக்கையும் கேட்போம், பச்சையும் நீலமும் இன்னொரு ஆட்டம் ஆடட்டும், ஜெயிக்கிற அணி மேலே போகட்டும்.

வகுப்பறை கொதித்தது. "யாரு சொல்லிக் குடுத்தது?" என்றான் ஒருவன். "நீலத்துக்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்றான் இன்னொருவன், அவன் சட்டைக் காலரைத் தம்பிதான் பிடித்தான். "எங்க அக்காவைப் பத்தி இன்னொரு தடவை பேசு, பார்க்கலாம்!" என்று அவனை உட்காரவைத்துவிட்டு, அதே மூச்சில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஆனா தீர்மானத்தைத் தோற்கடிங்க!" என்றான்.

(இந்த இடத்தை நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.)

அவள் பேச்சு நீளமில்லை. "நீலத்துக்காரன் மாட்டினப்போ இதே ரூமுல உக்காந்துதான் பாயின்ட்டை எடுன்னு தீர்மானம் போட்டோம். அன்னிக்கு அது நியாயம். இன்னிக்கு நம்ம ஆளு. நியாயம் எங்க போச்சு, லீவுல போச்சா? கொக்கை நாமதான் தோள்ல தூக்கினோம். இறக்கிவிட்டதும் நாமதான். அவனோட தண்டனையில பாதியையாவது நாம சுமக்கணும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, திரும்பக்கூடாதுன்னு போர்டு இருக்கிற ரோட்டுல நீங்க வண்டியைத் திருப்பறீங்க."

"தப்பான ரோடுன்னு தெரிஞ்சா வேற என்ன சார் பண்றது? போய்க்கிட்டே இருக்கிறதா?"

ஓட்டெடுப்பு. அவள் கை தூக்கினாள். வாசலோரம், வேலை முடிந்து சீருடையோடு வந்து நின்ற ஒரு நர்ஸ் கை தூக்கினாள். வேறு யாரும் தூக்கவில்லை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

8

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். தோற்ற தீர்மானம், தனியாக வீடு திரும்பும் பெண், மழை. ஆனால் மழையும் பெய்யவில்லை, அவள் வீட்டுக்கும் போகவில்லை. நேராக நீலத்தின் ரசிகர்கள் கூடுகிற டயர் கடைக்குப் போனாள். பச்சைச் சட்டையோடு.

டயர் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏமாத்தி ஜெயிச்சாச்சு. இப்போ நல்ல பேரும் வேணுமா உங்களுக்கு?"

"நல்ல பேரு வேண்டாம். ஒரு மேட்ச் வேணும்."

அவர் டயரை உருட்டிச் சுவரில் சாய்த்தார். கையைத் துடைத்தார். பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "ஆடி, நாங்க மறுபடி தோத்துட்டா?" என்றார்.

"எங்களுக்குச் சந்தேகம் போயிடும். உங்களுக்குச் சாக்கு போயிடும்."

அந்த மனிதர் சிரித்தாராம். சிரித்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். இருவரும் சேர்ந்து லீக் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், முடியாது என்றார். முடிந்த ஆட்டம் முடிந்ததுதானாம். ஒருவன், மூவர் என்கிற விதியை மாற்றலாமா என்றால், பொதுக்குழுவில் கிளப்புகள்தான் கேட்க வேண்டும்.

"பொதுக்குழு என்னிக்கு?" என்றாள் அவள்.

அதிகாரி சொன்னார். அவள் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டாள். டயர் கடைக்காரரும் அதே பேனாவை வாங்கி எழுதிக்கொண்டார். நீலம் கிளப் சார்பில் கேட்கவைப்பது தன் பொறுப்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். பச்சை சார்பில் யார் என்பதுதான் பாக்கி.

9

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: லீக் மனம் மாறி மறுஆட்டம் வைக்கிறது, பச்சை சுத்தமாக ஜெயிக்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பொய் என்பதால் அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவள் மொட்டைமாடியில் பச்சைச் சட்டையை எரிக்கிறாள். படித்துக் காட்டினேன். "சட்டையை ஏன் சார் எரிக்கணும்? நான் பச்சைதான். அதனாலதானே இவ்வளவும்!" என்றாள்.

நடந்தது இது. மேல் லீக்கில் பச்சையின் முதல் ஆட்டம், சொந்த மைதானத்தில். அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். அதே மூலை. தம்பி அங்கேதான் மேளத்தோடு நின்றான். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நின்றாள்.

ஆட்டம் தொடங்குமுன் பெரிய திரையில் போன பருவத்துக் காட்சிகளைப் போட்டார்கள். கடைசியாக அந்த கோல். கார்னரிலிருந்து பந்து மிதந்து வந்தது. அடுத்த கணம் வலை குலுங்கியது. நடுவில் ஒன்றுமில்லை. கொக்கு எகிறியதை, முட்டியதை, விழுந்ததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். பந்து தானாகவே வந்து தானாகவே உள்ளே போன மாதிரி இருந்தது. மைதானம் ஆர்ப்பரித்தது.

தம்பியின் மேளக்குச்சிகள் மேலே போய்விட்டன. அடிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அந்த மூலைக்கு ஒரு பழக்கம். அவள் கேட்பாள், மற்றவர்கள் பதில் சொல்வார்கள், தம்பி அடிப்பான். அவள் இருக்கையின் மேல் ஏறினாள்.

"யார் அடிச்சது?" என்று கத்தினாள்.

ஆர்ப்பரிப்பு அந்த மூலையில் மட்டும் அறுந்தது. அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்பதும் தெரியும்.

பிறகு என்ன ஆனது என்று அக்காவும் சொன்னாள், தம்பியும் சொன்னான். இரண்டும் ஒன்றாக இல்லை. இந்தத் தடவை யாருடைய பாதியையும் எடுத்துக்கொள்வதாக இல்லை. இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டதால் நீங்களும் அந்த மூலையில்தான் நிற்கிறீர்கள். உங்கள் சட்டையும் பச்சைதான். கடைசி ஆட்டத்தில் நீங்களும்தான் கத்தினீர்கள். பக்கத்தில் குச்சியை ஓங்கியபடி ஒருவன் நிற்கிறான். முதல் குரல் வந்தால்தான் அவன் கை இறங்கும், எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாது.

அவள் மூச்சை இழுத்துக்கொள்கிறாள். இன்னொரு தடவை கேட்கப்போகிறாள்.